சுவர் இல்லாத விலங்குச் செல் ஏன் வெடிப்பதில்லை?

கேணிக்கரை எழுதியது:

மேல்நிலை வகுப்பில் உயிரியல் கற்பிக்கிறேன். மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பாடநூலில் உள்ள விடை எனக்கு நிறைவளிக்கவில்லை என்பதால் அதை இங்கே வைக்கிறேன். ரியோ என்ற செடியின் இலையில் அடிப்புறத் தோலை உரித்து, ஒரு சொட்டு உப்புக் கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் செய்முறை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊதா நிறச் சாறு நிரம்பிய செல்லில், சில நிமிடங்களுக்குள் ஊதாப் பகுதி மூலைகளை விட்டு விலகிச் சுருங்கி ஒரு பக்கமாக உருண்டு ஒதுங்குகிறது. செல் சுவர் மட்டும் தன் இடத்திலேயே நிற்கிறது. கண்ணாடி வில்லையின் ஒரு விளிம்பில் வடிதாளை வைத்து உப்புக் கரைசலை உறிஞ்சி, மறு விளிம்பில் நன்னீரைச் சொட்டவிட்டால், ஊதாப் பகுதி மீண்டும் விரிந்து சுவரில் முட்டி நின்றுவிடுகிறது.

அந்த மாணவர் கேட்டது இதுதான்: "சுவர் தடுத்ததால்தான் நின்றது என்றால், சுவரே இல்லாத நம்முடைய செல்லை எது நிறுத்துகிறது?" நம் செல்களைச் சூழ்ந்துள்ள திரவம் செல்லின் உட்பகுதிக்குச் சமமான அடர்வு உடையது, எனவே நீர் புகுவதில்லை என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் சவ்வுக்கு உள்ளே புரதங்களும் நியூக்ளிக் அமிலங்களும் வெளியேற வழியின்றி அடைபட்டிருக்கின்றன. வெளியே அவ்வளவு இல்லை. அப்படியிருக்க, இந்தச் சமநிலை தானாகவே நிலைத்திருக்கும் என்று எப்படிக் கொள்வது?

நுண்ணோக்கி எழுதியது:

பாடநூல் விடையே போதுமானது என்று நினைக்கிறேன், அம்மா. ஒரு சொட்டு இரத்தத்தை 0.9 சதவீத உப்புக் கரைசலில் இட்டால் சிவப்பணுக்கள் மணிக்கணக்கில் உருமாறாமல் இருக்கின்றன. அதே சொட்டைக் காய்ச்சி வடித்த நீரில் இட்டால், கலங்கலாக இருந்த திரவம் நொடிகளில் தெளிந்த சிவப்பு நீராகிவிடுகிறது, ஏனெனில் அணுக்கள் உடைந்து உள்ளிருந்த ஹீமோகுளோபின் கரைந்துவிட்டது. ஆகவே வெளித் திரவத்தின் அடர்வே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உடல் தன் திரவத்தின் அடர்வைச் சிறுநீரகத்தின் துணையால் காத்துக்கொள்கிறது. செல் அதற்கெனத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

செங்குருதி எழுதியது:

இரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், நுண்ணோக்கி கூறிய சோதனையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வரிசையாக வைத்த குழாய்களில் உப்பின் அடர்வைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் அதே அளவு இரத்தத்தை இடுவோம். இயல்பான சிவப்பணுக்கள் ஏறத்தாழ 0.5 சதவீதம் வரை தாங்கி நிற்கும். அதற்குக் கீழே சில உடையத் தொடங்கி, 0.3 சதவீதத்தை நெருங்கும்போது அநேகமாக எல்லாமே உடைந்துவிடும். இந்த அளவுக்குத் தாங்குவதற்குக் காரணம் சவ்வின் நீட்சி அன்று. சவ்வாக அமைந்த லிப்பிடு (கொழுப்பு) ஈரடுக்கு மிக மெல்லியது, ஏறக்குறைய 5 நானோமீட்டர். அதன் பரப்பைச் சில சதவீதம் இழுத்தாலே கிழிந்துவிடும். சிவப்பணு இருபுறமும் குழிந்த தட்டு வடிவில் இருப்பதால், அதன் கொள்ளளவுக்குத் தேவையானதைவிட அதிகமான சவ்வு அதனிடம் இருக்கிறது. நீர் புகும்போது அணு முதலில் தட்டிலிருந்து உருண்டையாக மாறுகிறது. உருண்டையாகிவிட்ட பிறகு விட்டுக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பின் உள்ளே புகும் சிறிதளவு நீரும் அதைக் கிழித்துவிடும்.

பிறவியிலேயே சிவப்பணுக்கள் உருண்டையாக அமையும் நோய் ஒன்று உண்டு. சவ்வின் உட்புறத்தில் வலைபோல் பரவியிருக்கும் ஸ்பெக்ட்ரின் முதலிய புரதங்களில் ஏற்படும் குறையால் சவ்வு சிறிது சிறிதாக இழக்கப்படுவதே அதற்குக் காரணம். அந்த இரத்தத்தை இதே குழாய் வரிசையில் இட்டால், இயல்பான அணுக்கள் அசையாமல் நிற்கும் அடர்விலேயே அவை உடையத் தொடங்குகின்றன. ஆக, உபரிச் சவ்வு என்பது கொஞ்ச நேரத்துக்கான தாங்குதிறன் மட்டுமே. கேணிக்கரை அவர்களின் கேள்வி இதனால் தீரவில்லை.

அயனி எழுதியது:

கேணிக்கரை அவர்களின் ஐயம் முற்றிலும் சரியானது. நுண்ணோக்கி அவர்களின் விடையில் விடுபட்டது என்ன என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

செல்லுக்குள் அடைபட்ட புரதங்கள், நியூக்ளிக் அமிலங்கள், பாஸ்பேட் சேர்மங்கள் ஆகியவற்றின் மொத்த மின்னூட்டம் எதிர்மின் தன்மையுடையது. அதை ஈடுசெய்ய நேர்மின் அயனிகள் உள்ளே இருந்தாக வேண்டும். சவ்வைக் கடக்கக்கூடிய சிறிய அயனிகள் தத்தம் போக்கில் சமநிலைக்கு வந்தால், அடைபட்ட மூலக்கூறுகளும் அவற்றை ஈடுசெய்யும் அயனிகளும் சேர்ந்து, உள்ளே இருக்கும் துகள்களின் மொத்த எண்ணிக்கை வெளியே இருப்பதைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். இதை டோனன் சமநிலை என்பார்கள். இந்த நிலையில் வெளித் திரவம் 0.9 சதவீத உப்பாக இருந்தாலும் சரி, நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். நீர் வந்தால் உள்ளடர்வு குறையும், குறைந்தால் மேலும் சோடியமும் குளோரைடும் உள்ளே நுழையும், அவற்றின் பின்னால் மேலும் நீர் வரும். சுவர் இல்லாத செல்லுக்கு இந்தச் சுழற்சியின் முடிவு வெடிப்புதான்.

இந்தச் சுழற்சியை நிறுத்துவது சோடியம்-பொட்டாசியம் பம்பு. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் ஜென்ஸ் ஸ்கூ, நண்டின் கால் நரம்புகளை அரைத்து எடுத்த சவ்வுத் துணுக்குகளில், சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருந்தால் மட்டும், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியை விரைவாகச் சிதைக்கும் ஒரு நொதியைக் கண்டு 1957-இல் வெளியிட்டார். 1997-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பகுதி அதற்காக அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு ஏடிபியைச் செலவிட்டு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுப்பது அதன் வேலை. சோடியம் சவ்வின் வழியாக இடைவிடாமல் கசிந்து உள்ளே வருகிறது. வந்ததை வந்த வேகத்திலேயே பம்பு திருப்பி அனுப்பிவிடுவதால், நடைமுறையில் சோடியம் சவ்வைக் கடக்க முடியாத பொருள் போலவே ஆகிவிடுகிறது. உள்ளே அடைபட்ட புரதங்களுக்கு எதிர் எடையாக, வெளியே சோடியம் அடைபட்டு நிற்கிறது. செல்லுக்கு வெளியே ஒரு லிட்டரில் 145 மில்லிமோல் அளவிலும், உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு அளவிலும் சோடியம் இருப்பதன் முதல் பயன் இதுவே.

டாஸ்டசன், ஹாஃப்மன் என்ற இருவர் 1960-இல் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைக் கொண்டு இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். செம்மறியாடுகளில் சிலவற்றின் சிவப்பணுவில் பொட்டாசியம் மிகுதி, சிலவற்றில் குறைவு. இரு வகையிலும் பம்பின் வேகமும் கசிவின் அளவும் வெவ்வேறாக இருந்தும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் அணுவின் கொள்ளளவு மாறாமல் நிற்கிறது. ஆகவே சம அடர்வு என்பது வெளியிலிருந்து செல்லுக்குக் கிடைத்த கொடை அன்று. செல் ஒவ்வொரு நொடியும் விலை கொடுத்துப் பெறுவது. ஓய்வில் இருக்கும் நம் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ இந்த ஒரு பம்புக்கே போகிறது.

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

ஐயா, எனக்கு ஓர் ஐயம். பிரச்சினை நீரால்தான் வருகிறது என்றால், சவ்வு நீரையே தடுத்துவிடலாமே? சவ்வின் நடுப்பகுதி கொழுப்பு அமில வால்களால் ஆனது, நீரை விலக்கக்கூடியது என்று படித்திருக்கிறோம். சோடியத்தை இவ்வளவு செலவில் வெளியேற்றுவதைவிட நீரை உள்ளே விடாமல் இருப்பது எளிதல்லவா?

அயனி எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. கொழுப்பு வால்களின் அடுக்கு அயனிகளுக்குத்தான் பெருந்தடை. மின்னூட்டம் இல்லாத சிறிய நீர் மூலக்கூறு மெதுவாகவேனும் அதைக் கடந்துவிடும். மெதுவாக என்றாலும் அந்த வேகம் ஒரு செல்லைச் சில நிமிடங்களில் நிரப்பப் போதுமானது. இதற்கும் மேலாக, பல செல்கள் நீருக்கென்றே தனி வாயில்களை வைத்திருக்கின்றன. பீட்டர் ஏகர் குழுவினர் சிவப்பணுவின் சவ்வில் மிகுதியாகக் கிடந்த, வேலை இன்னதென்று தெரியாத ஒரு புரதத்தை எடுத்து, தவளை முட்டையில் உருவாகச் செய்து 1992-இல் சோதித்தார்கள். நீர்த்த கரைசலில் இட்டபோது சாதாரண முட்டை அசையாமல் இருக்க, அந்தப் புரதம் பெற்ற முட்டை சில நிமிடங்களில் ஊதி வெடித்தது. அதுவே அக்குவாபோரின். இதற்காக ஏகருக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றை வரிசையாக நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் அதன் வழியே செல்கின்றன. ஆனால் ஒரு புரோட்டான்கூடக் கடக்க முடிவதில்லை.

சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளத்தில் நீரை மீட்பதற்கு உடல் பயன்படுத்துவது இந்த வாயில்களைத்தான். வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரந்தால் அவை செல்லின் உள்ளிருந்து சவ்வுக்கு வந்து பதிகின்றன. சுரப்பு குறைந்தால் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. நீரைத் தடுக்கும் சவ்வு இருந்தால் வெடிப்பு அபாயம் குறையலாம். ஆனால் உடல் நீரை இடம் மாற்றும் வழியும் சேர்ந்து அடைபட்டுவிடும். நீரைத் திறந்துவிட்டு, உப்பைக் கொண்டு அதை ஆள்வதே விலங்குச் செல்லின் முறை.

கைமருந்து எழுதியது:

மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். சுவர் உடைய செல்லின் பக்கத்திலிருந்து இந்த உரையாடலுக்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பெனிசிலின் நோய்க்கிருமியைக் கொல்லும், நம் செல்லைத் தொடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கிருமி எப்படிச் சாகிறது என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கான் என்னும் ஒரே பெரிய வலை. சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறிய பெப்டைடுகள் குறுக்கே பிணைக்கின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவற்றில் இந்த வலை தாங்கி நிற்கும் உள்ளழுத்தம் 20 வளிமண்டல அழுத்தம் வரை அளக்கப்பட்டுள்ளது. கிருமி வளரும்போது வலையை அங்கங்கே வெட்டிப் புதிய இழைகளைச் செருகிப் பிணைத்தாக வேண்டும். பிணைக்கும் நொதி, பெப்டைடின் முனையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு டி-அலனின் அமினோ அமிலங்களைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. பெனிசிலினின் வடிவம் அந்த முனையை ஒத்திருப்பதால், நொதி ஏமாந்து அதைப் பற்றிக்கொண்டு விடமுடியாமல் செயலிழக்கிறது. இந்த விளக்கத்தை டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் 1965-இல் முன்வைத்தார்கள். வெட்டும் நொதிகள் தொடர்ந்து வெட்டுகின்றன, பிணைப்பது நடப்பதில்லை. வளராமல் உறங்கும் கிருமியிடம் பெனிசிலின் பலிக்காததற்கும் இதுவே காரணம்.

இனித்தான் முக்கியமான செய்தி. ஜோஷுவா லெடர்பர்க் 1956-இல் ஈகோலை பாக்டீரியாவைச் செறிவான சுக்ரோஸ் கரைசலில் வளர்த்து, அதில் பெனிசிலினைச் சேர்த்தார். கோல் வடிவக் கிருமிகள் உருண்டைகளாக மாறின, ஆனால் சாகவில்லை. பெனிசிலினை நீக்கியபின் அவற்றில் பல மீண்டும் கோல்களாகிப் பெருகின. அதே உருண்டைகளை நீர்த்த திரவத்துக்கு மாற்றினால் உடனே வெடித்தன. சுக்ரோஸ் சவ்வுக்குள் புக முடியாமல் வெளியே நின்று உள்ளடர்வை ஈடுகட்டியவரை, சுவர் இல்லாமலும் அவை வாழ்ந்தன. பெனிசிலின் நஞ்சாக நின்று கொல்வதில்லை. சுவரைப் பறித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, கொல்வது நீர்.

கறைத்தட்டு எழுதியது:

கைமருந்து அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சுவர் அழுத்தம் தாங்குவதற்கு மட்டுமே, தேர்ந்தெடுத்துக் கடத்துவது சவ்வின் வேலை மட்டுமே என்ற பிரிவினை இந்த இழையில் நிலைத்துவிடக் கூடாது. சளி மாதிரிகளைச் சாயமேற்றிப் பார்ப்பது எனது அன்றாடப் பணி. காசநோய்க் கிருமியின் வெளிப்புறம் மைக்காலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்பு அமிலங்களால் மெழுகுபோல் அமைந்தது. கார்பால் ஃபக்சின் சாயத்தை ஊற்றி, கண்ணாடி வில்லையின் அடியில் ஆவி எழும் வரை சூடேற்றினால்தான் சாயம் உள்ளே போகிறது. போனபின் அமிலத்தால் கழுவினாலும் வெளியே வருவதில்லை. மற்றவை எல்லாம் நிறமிழந்து, பிறகு ஊற்றும் மெத்திலீன் நீலத்தை ஏற்று நிற்க, நீலப் பின்புலத்தில் சிவந்த மெல்லிய கோல்கள் மட்டும் தெரிகின்றன. பல மருந்துகள் இந்த மெழுகைக் கடக்கத் திணறுகின்றன. ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், அந்த மைக்காலிக் அமிலம் உருவாவதையே அது தடுப்பதுதான்.

ஈகோலை போன்ற கிராம் எதிர் பாக்டீரியாக்களிலும் மெல்லிய வலைக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. போரின் என்ற குழாய்ப் புரதங்களின் வழியாகச் சிறிய மூலக்கூறுகள் மட்டும் நுழைய முடியும். அந்த வெளிச்சவ்வு வெறும் வடிகட்டி அன்று, உள்ளழுத்தத்தைத் தாங்குவதிலும் அதற்குப் பங்குண்டு என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. தாங்குவதும் தேர்ந்தெடுப்பதும் ஒரே உறுப்பில் கலந்திருப்பதே இயற்கையில் மிகுதி. மைக்கோபிளாஸ்மாவையும் மறக்கக் கூடாது: அதற்குச் சுவரே இல்லை, பெனிசிலின் அதனிடம் பலிக்காது, தான் தொற்றி வாழும் உயிரிடமிருந்து பெறும் ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள் அதன் சவ்வை உறுதிப்படுத்துகிறது.

செங்குருதி எழுதியது:

லெடர்பர்க்கின் சோதனையைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே சோதனையின் மறுபாதி எங்கள் குளிர்பெட்டியில் நாள்தோறும் நடக்கிறது.

4 டிகிரி குளிரில் சோடியம் பம்பு ஏறக்குறைய நின்றுவிடும். கசிவு அந்த அளவுக்கு நிற்பதில்லை. அதனால் சேமித்த இரத்தப் பையில் நாளாக நாளாகப் பொட்டாசியம் வெளியே சேர்கிறது, சோடியம் அணுவுக்குள் நுழைகிறது. சிவப்பணுவைக் காக்கச் சேர்க்கும் கரைசலில் உப்பு, அடினின், குளுக்கோஸ் ஆகியவற்றுடன் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் இருக்கிறது; அணுக்கள் சிதைவதை அது குறைக்கிறது. மாற்று அறுவைக்காக எடுத்த சிறுநீரகத்தையோ கல்லீரலையோ பனிக்கட்டியில் கொண்டுசெல்லும்போது சிக்கல் இதைவிடப் பெரிது, ஏனெனில் பம்பு நின்ற செல்கள் வீங்கத் தொடங்கிவிடும். 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர் குழுவினர் உருவாக்கிய கரைசலில், செல்லுக்குள் எளிதில் புக முடியாத லாக்டோபயோனேட்டும் ராஃபினோஸ் என்ற சர்க்கரையும் சேர்க்கப்பட்டன. அந்தக் கரைசல் வந்தபின் கல்லீரலைப் பத்து மணி நேரத்துக்கும் மேல் காத்துவைக்க முடிந்தது.

பாக்டீரியாவின் சுவரை எடுத்துவிட்டால், வெளியே நிற்கும் சுக்ரோஸ் அதைக் காக்கிறது. நம் செல்லின் பம்பை நிறுத்திவிட்டால், வெளியே நிற்கும் ராஃபினோஸ் அதைக் காக்கிறது. கேணிக்கரை அவர்களின் மாணவருக்கு இதையே விடையாகச் சொல்லலாம்: ரியோ இலையில் சுவர் செய்யும் வேலையை நம்மிடம் பம்பு செய்கிறது.

நுண்ணோக்கி எழுதியது:

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது. ஆனால் அடுத்த கேள்வி எழுகிறதல்லவா? ஒருமுறை கட்டினால் நிற்கும் சுவரை விட்டுவிட்டு, ஓயாமல் ஆற்றலைத் தின்னும் பம்பை விலங்குகள் கைக்கொண்டது எதற்காக? மூளைக்குச் செல்லும் இரத்தம் அடைபட்டால் சில நிமிடங்களில் ஏடிபி தீர்ந்து, பம்பு நின்று, நரம்புச் செல்கள் வீங்குகின்றன. அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவதும் இதே பம்பை முடக்கித்தான். இவ்வளவு ஆபத்தான ஏற்பாட்டுக்குத் தக்க பயன் இருந்தாக வேண்டும்.

என் கருத்தில் முதற்பயன் அசைவு. சுவருக்குள் இருக்கும் செல் இன்னொரு செல்லை விழுங்க முடியாது, இடுக்கில் நெளிந்து நுழைய முடியாது, தசையைப் போலச் சுருங்க முடியாது. நம் வெள்ளணு இரத்தக் குழாயின் சுவரை ஊடுருவி வெளியேறிக் கிருமியை வளைத்து விழுங்குவது, வளையும் சவ்வு ஒன்றால் மட்டுமே இயலும்.

அடுத்தது, வெளியே குவித்த சோடியம் ஒரு சேமிப்பாகவும் ஆகிறது. நரம்பின் மின் துடிப்பு அந்தச் சோடியம் உள்ளே பாய்வதால் எழுவது. குடலின் உட்சுவர்ச் செல்கள், சோடியம் உள்ளே வரும் வேகத்தோடு குளுக்கோஸையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன; ராபர்ட் கிரேன் 1960-இல் இதை விளக்கினார். காலராவில் குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த இணைக்கடத்தி பழுதாவதில்லை. 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில், சிரைவழிச் செலுத்தும் திரவம் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம், இந்தப் பம்பு முன்கூட்டியே செலவிட்ட ஆற்றலைக் கொண்டுதான் நீரை உடலுக்குள் சேர்க்கிறது.

கேணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வகுப்பில் இதைச் சொல்லும்போது கட்டாயம் வரப்போகும் ஒரு கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். குளத்து நீரில் வாழும் அமீபாவுக்கும் பாரமீசியத்துக்கும் சுவர் இல்லை, சூழ்ந்திருப்பதோ கிட்டத்தட்ட உப்பே இல்லாத நன்னீர். வெளியே சோடியத்தை நிறுத்தி ஈடுகட்டவும் வழியில்லை. அங்கே எந்தப் பம்பு காப்பாற்றும்?

அயனி எழுதியது:

அங்கே பம்பு மட்டும் போதாது. அதனால்தான் சுருங்கும் நுண்குமிழ் இருக்கிறது. அதைச் சூழ்ந்த நுண்சவ்வுகள் ஏடிபியைச் செலவிட்டுப் புரோட்டான்களைச் செலுத்தி, அதன் துணையால் அயனிகளைச் சேர்த்து, நீரைத் தம்முள் இழுக்கின்றன. நிரம்பியதும் குமிழ் வெளிச்சவ்வோடு இணைந்து நீரைக் கொட்டுகிறது. நீர் புகுவது நிற்பதே இல்லை, இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுவர் இருந்தாலும் சில உயிர்களுக்கு இது தேவைப்படுகிறது: கிளாமிடோமோனாஸ் பாசிக்குச் சுவரும் உண்டு, கசையிழைகளின் அடியில் இத்தகைய குமிழ்கள் இரண்டும் உண்டு.

வகுப்பிலேயே இதைக் காட்டலாம். வைக்கோலைக் குளத்து நீரில் சில நாட்கள் ஊறவைத்தால் பாரமீசியம் கிடைக்கும். அது விரைந்து நீந்துவதால், சில பஞ்சிழைகளைச் சொட்டில் இட்டு அவற்றுக்கிடையே அடங்கச் செய்யுங்கள். முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக, நட்சத்திரக் கால்கள் போன்ற நாளங்களுடன் இரு குமிழ்கள் மாறி மாறி நிரம்பிச் சுருங்குவது தெரியும். ஒரு குமிழ் இருமுறை சுருங்குவதற்கு இடைப்பட்ட நேரத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். பிறகு மிக நீர்த்த உப்புக் கரைசலை வில்லையின் விளிம்பில் சிறிது சிறிதாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் நேரத்தை மீண்டும் குறிக்கச் சொல்லுங்கள். வெளியடர்வு கூடக்கூட இடைவெளி நீண்டுகொண்டே போகும். உப்பை ஒரேயடியாகச் சேர்த்தால் செல் சுருங்கிவிடும் என்பதால் அதில் மட்டும் கவனம் தேவை.